ரெண்டு வரிக்கு மேல எழுதக்கூடாது

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் அவளை எல்லோரும் ஃபைலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அவள் ஃபைலக்காதான். பதினோரு மெக்கானிக்குகள் காலையில் கிளம்பி, கட்டிடம் கட்டிடமாகப் போய் லிஃப்டுகளைத் திறந்து பார்த்துவிட்டு, மூன்று மணிவாக்கில் கிரீஸ் கையோடு திரும்புவார்கள். கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து சோதனை அறிக்கையை நிரப்புவார்கள். இருபத்திரண்டு பக்கம். கயிறு, பிரேக், கதவு, அவசர மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், பக்கத்தில் குறிப்பு எழுத இடம், கடைசியில் கையெழுத்து.

அந்தப் படிவம் ஃபைலக்காவின் கைவேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த புதிதில் ஒரு மாசம் உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்தது. கட்டிடக்காரர்கள் அதைக் கையில் வாங்கும்போது, "அச்சடிச்ச புத்தகம் மாதிரி இருக்கே" என்பார்கள். அவள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அன்றைக்கு டீ கொஞ்சம் ருசியாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஃபைலக்கா, கடிதம் அடிக்கிறது, அட்டவணை போடுறதுன்னு நாம வச்சிருக்கிற ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு அடுத்த மாசம் சந்தா முடியுது. ஒம்பது கம்ப்யூட்டருக்கும் இந்தத் தடவை ஏத்திட்டாங்க. இதே வேலையைச் செய்யற இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்காம். மாறலாமா வேண்டாமான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். எல்லாக் காகிதமும் உங்க கை வழியாத்தானே போகுது?"

"பாக்கறேன் சார்" என்றாள்.

அவள் இதற்கு முன்னால் வேலை பார்த்தது ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில். அங்கேயும் ஒரு திங்கட்கிழமைதான் புது சாஃப்ட்வேர் வந்தது. மூன்று வாரம் பயிற்சி. பொத்தான்களெல்லாம் இடம் மாறிப்போய், அவளுக்குக் கை கால் ஓடவில்லை. மற்றவர்கள் பத்து ஃபைல் முடிக்கும்போது அவள் நாலில் நிற்பாள். நாலு மாசத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்த கடிதத்தில், 'புதியவற்றைக் கற்கும் ஆர்வம் போதவில்லை' என்று ஒரு வரி. வேலை போனதைக்கூட ஜீரணித்துவிட்டாள், அந்த வரியைத்தான் முடியவில்லை.

அதனால் பதில் அவளிடம் தயாராகவே இருந்தது. வேண்டாம். ஒரு வாரம் பார்த்தது மாதிரி பாவனை செய்துவிட்டு, சரிப்படாது சார் என்று சொல்லிவிட வேண்டியது.

அப்படித்தான் முடிந்திருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால். நாத்தனாருக்குப் பொது நூலகத்தில் வேலை. அண்ணிக்கும் அவளுக்கும் சண்டை கிடையாது. ஆனால் ரெண்டு பேரும் ஒரு அறையில் தனியாக இருந்தால் யாராவது வந்தால் தேவலை என்று வாசலைப் பார்ப்பார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது கணவர்தான் சும்மா இருக்காமல் பேச்சை எடுத்தார்.

"உங்க அண்ணி ஆபீஸ்ல ஏதோ இலவச சாஃப்ட்வேருக்கு மாறப் போறாங்களாம்."

"யார் மாறப்போறாங்க? இலவசம்னா எங்கயாவது ஓட்டை இருக்கும். நான் வேண்டாம்னு சொல்லப் போறேன்" என்றாள் ஃபைலக்கா.

நாத்தனார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எங்க லைப்ரரில ஆறு வருஷமா அதுதான் ஓடுது. பாத்துட்டுக் குறை சொல்லுங்க அண்ணி" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. பார்க்கத்தான் போகிறேன், பார்த்து நாலு குறையாவது கண்டுபிடிக்கவில்லையென்றால் என்னை ஏன் என்று கேள், என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போனாள். பென் டிரைவில் அவளுடைய இருபத்திரண்டு பக்கப் படிவம். நாத்தனார் ஓரமாக ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

படிவம் திறந்தது. ஃபைலக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. படிவம் அலங்கோலமாகக் கிடந்தது. கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. பிரேக்குக்கான குறிப்பு கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. 'மெக்கானிக் கையெழுத்து' என்ற ஒரே ஒரு வரி, வெறும் பக்கத்தின் உச்சியில் அனாதையாக நின்றது. இருபத்திரண்டு பக்கம் இருபத்தேழாகியிருந்தது.

"பாத்தியா! நான் என்ன சொன்னேன்?"

நாத்தனார் மேலே ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒளிந்திருந்த குறிகளெல்லாம் திரையில் வந்தன. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் சாரை சாரையாகப் புள்ளிகள். எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி பக்கம் முழுக்கப் புள்ளி.

"இதென்ன?"

"ஒரு புள்ளின்னா ஒரு தடவை ஸ்பேஸ் பார் தட்டியிருக்குன்னு அர்த்தம் அண்ணி. எல்லாத்தையும் ஸ்பேஸ் தட்டியே நகர்த்தி, என்டர் தட்டியே கீழ இறக்கியிருக்கீங்க. உங்க ஆபீஸ்ல இருக்கிற எழுத்துரு இந்த கம்ப்யூட்டர்ல இல்ல. அதுக்குப் பதிலா இங்க வர்ற எழுத்துரு ஒரு மயிரிழை அகலம் கூட. அதான் ஒவ்வொரு வரியா தள்ளிட்டுப் போகுது. இத சாஃப்ட்வேர் உடைக்கல."

"அப்ப நான்தான் உடைச்சேன்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லாமத்தான் சொல்ற" என்று ஃபைலக்கா பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நாத்தனாரை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். வீட்டுக்கு வந்து, கணவரிடம் அவர் தங்கையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீசில் யாரும் வருவதற்கு முன்னால் போய்விட்டாள். காசு கட்டும் சாஃப்ட்வேரிலேயே படிவத்தைத் திறந்தாள். மேல் வரிசையில், ஆங்கில எழுத்து P-ஐ இடவலமாகத் திருப்பி வைத்த மாதிரி ஒரு பொத்தான் உண்டு. ஆறு வருஷமாகக் கண்ணெதிரே இருக்கிறது, ஒரு நாளும் அழுத்தியதில்லை. அழுத்தினாள். அதே புள்ளிகள். எழுத்துருவை மட்டும் மாற்றிப் பார்த்தாள். நூலகத்தில் சரிந்த மாதிரியே இங்கேயும் சரிந்தது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அது நின்றது யாரும் தொடாததால்தான்.

யாரும் தொடாததாலா? சட்டென்று ஒன்று உறைத்தது. மெக்கானிக்குகள் தினமும் அதில் எழுதுகிறார்களே.

பழைய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினாள். பிரேக், 'சரி'. கயிறு, 'சரி'. கதவு, 'சரி, கவனிக்கவும்'. மூன்று மாசத்து அறிக்கையில் ஒரு குறிப்புகூட ரெண்டு வரியைத் தாண்டவில்லை.

மூன்று மணிக்குப் பெரிய மெக்கானிக் வந்தார். முப்பது வருஷ அனுபவம். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"அண்ணே, நீங்க ஏன் குறிப்புல எதுவுமே எழுத மாட்டேங்கறீங்க?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எழுதவா? ரெண்டு வரிக்கு மேல எழுதினா பக்கம் ஓடுதும்மா. கையெழுத்து அடுத்த பக்கம் போயிடுது. ஒருநாள் நீங்க, யாரு என் படிவத்தைக் குதறினதுன்னு ஒரு சத்தம் போட்டீங்க பாருங்க, அன்னையிலேருந்து பசங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வரிக்கு மேல எழுதக்கூடாது."

"எழுதாம விட்டதுல முக்கியமானது ஏதாவது இருக்கா?"

அவர் சிரிப்பு நின்றது. "கண் ஆஸ்பத்திரி லிஃப்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரு தேய்ப்புச் சத்தம் வந்தது. பெருசா ஒண்ணும் இல்ல, அடுத்த தடவை கழட்டிப் பாக்கணும்னு எழுத நெனச்சேன். அடுத்த தடவை போனது வேற ஆள்." அவர் துண்டைத் தோளில் போட்டார். "நாளைக்குக் காலைல நானே போறேன்."

போனார். பிரேக் பட்டை தேய்ந்து காகிதமாக இருந்ததாம். மாற்றிவிட்டு, பழசைக் கொண்டுவந்து ஃபைலக்காவின் மேஜையில் வைத்தார். திட்டவில்லை. "நல்லவேளை, கேட்டீங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"நான்தான். சனிக்கிழமை உனக்கு ஒரு ரெண்டு மணி நேரம் இருக்குமா?"

"குறை கண்டுபிடிக்கவா அண்ணி?"

"அதெல்லாம் கண்டுபிடிச்சாச்சு. இப்ப சரி பண்ணணும்."

ரெண்டு சனிக்கிழமை ஆயிற்று. முதல் நாள் ஃபைலக்காவுக்கு அழுகையே வந்தது. வலது பக்கம் இருக்க வேண்டிய பொத்தான் இடது பக்கம் இருந்தது. கை பழைய இடத்துக்கே போனது. நாத்தனார் அவசரப்படுத்தவில்லை. "எனக்கும் ஆரம்பத்துல ஒரு எழவும் புரியல அண்ணி. தலைப்பை எப்படிப் பெருசாக்கறதுன்னு தெரியாம பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்" என்றாள். நூலகம் மாதிரி அமைதியான இடத்தில் அப்படிச் சிரிக்கக்கூடாதுதான். ரெண்டு பேரும் சிரித்தார்கள். புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எழுத்தின் அளவையும் இடத்தையும் ஒரே தடவையில் தீர்மானித்து வைக்கும் பாணி, தலைப்புக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று. எழுத எழுதத் தானே வளரும் கட்டம். ஸ்பேஸ் பாரைத் தட்டக் கட்டைவிரல் துடிக்கும்போதெல்லாம் நாத்தனார் "ம்ஹும்" என்பாள். ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் புதுப் படிவம் முடிந்தது. இந்த சாஃப்ட்வேரிலும் நின்றது, அந்த சாஃப்ட்வேரிலும் நின்றது. வேண்டுமென்றே பிரேக் கட்டத்தில் இருபது வரி அடித்துப் பார்த்தாள். கட்டம் சத்தமில்லாமல் பெரிதானது. கையெழுத்துக் கட்டம் தனக்கு மேலே இருந்ததை விட்டுப் பிரியவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி, உதிரிச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர், பெரிய மெக்கானிக், ஃபைலக்கா நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்க. மாறலாமா, வேண்டாமா?" என்றார் முதலாளி.

இலவசத்தில் போட்டால் பழைய படிவம் உடைகிறது என்று காட்டினால் போதும், விஷயம் முடிந்தது. யாரும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கப் போவதில்லை. ஃபைலக்கா கொண்டுவந்த தாளை மேஜையில் விரித்தாள்.

"சார், நம்ம ஆபீஸ்ல கஷ்டமான ஃபைலாப் பொறுக்கி பதினாலை ரெண்டுலயும் திறந்து பாத்தேன். பதினொண்ணு ஒழுங்கா நின்னுது. சோதனை அறிக்கை உடைஞ்சது. ஆனா அது சாஃப்ட்வேர் தப்பு இல்ல சார், என் தப்பு. நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி தப்பான முறையில செஞ்சிட்டேன். அதுனால மெக்கானிக்குங்க எழுத வேண்டியதை எழுதாம இருந்திருக்காங்க." கண் ஆஸ்பத்திரி லிஃப்டையும் ஒளிக்காமல் சொன்னாள்.

ஸ்டோர்காரர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"மிச்சம் ரெண்டு?" என்றார் முதலாளி.

"ஒண்ணு ஸ்டோர் சாரோடது. எந்தச் சாமான் தீரப் போகுதுன்னு தானாவே சொல்ற அட்டவணை. அதுக்குள்ள முன்னாடி ஸ்டோர்ல இருந்தவர் எழுதி வச்ச கட்டளைகள்ல பாதி, இலவச சாஃப்ட்வேர்ல ஓடல. இன்னொண்ணு ஒப்பந்தம். கட்டிடக்காரங்க வக்கீல் திருத்தம் போட்டு அனுப்புவாங்கல்ல, அது போக வர கொஞ்சம் கலையுது. ஒப்பந்தத்துல கலையக்கூடாது. அதனால அந்த ரெண்டு கம்ப்யூட்டருக்குக் காசு கட்டிடுவோம். மத்த ஏழும் இலவசத்துக்கு மாறட்டும்."

"அப்பாடா!" என்று ஸ்டோர்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

முதலாளி பெரிய மெக்கானிக்கைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு எந்த சாஃப்ட்வேர்னா என்ன? எழுத இடம் குடுத்தாங்கன்னா சரி."

"ஃபைலக்கா" என்றார் முதலாளி, "படிவம் உங்க தப்புன்னு நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்."

"அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடறேன். நீங்க பழைய அறிக்கையெல்லாம் எடுத்து, யார் யார் என்ன எழுதாம விட்டாங்கன்னு கேட்டு முடிங்க. அப்புறம் ஏழு கம்ப்யூட்டரையும் மாத்துங்க. எப்படிப் பண்ணணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பழைய அறிக்கைகளைப் பார்த்து முடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. எழுதாமல் விட்டது ஒன்பது வந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை. அப்புறம் மாறினார்கள். முதல் மூன்று நாள் முன்னறையில் ஒரே புலம்பல். "சேமிக்கிற பொத்தானை எங்கக்கா ஒளிச்சு வச்சீங்க?" என்று ஒருவன், "என் எழுத்தெல்லாம் திடீர்னு சாஞ்சு நிக்குது" என்று இன்னொருவன். ஃபைலக்கா ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை. நாலாம் நாள் பெரிய மெக்கானிக் ஒரே கட்டத்தில் பதினோரு வரி எழுதினார். எழுத்துப்பிழை ஏழு இருந்தது. அவள் எதையும் தொடவில்லை.

ஒரே ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. பக்கத்தைப் படுக்கை வாட்டத்தில் திருப்பினால் பக்க எண் காணாமல் போனது. எப்படிப் பார்த்தும் தன் தப்பு இல்லை என்று உறுதியான பிறகு நாத்தனாரிடம் கேட்டாள். "இந்த சாஃப்ட்வேரை எழுதறவங்களுக்கே சொல்லலாம் அண்ணி. அதுக்குன்னு இன்டர்நெட்ல ஒரு பக்கம் இருக்கு" என்றாள் அவள். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதி அனுப்பினார்கள்.

அஞ்சாம் நாள் பதில் வந்தது, பெயர் தெரியாத ஊரிலிருந்து முகம் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து. நீங்கள் சொன்ன குறை உண்மைதான், இத்தனை தெளிவாக விவரித்ததற்கு நன்றி, அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம், சரியானதும் நீங்களே சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஃபைலக்கா அதை ரெண்டு தடவை படித்தாள். மத்தியான வெயில் மேஜையில் பாதி வரை வந்திருந்தது. முன்னறையில் யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டார்கள்.

"இரு, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, 'முடியும்' என்று அடிக்க ஆரம்பித்தாள்.