வெளியூரில் டிரா போதும்

எங்கள் லாசர் மாஸ்டருக்கு வெளியூர் என்றாலே நடுக்கம். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். சேலத்தில் எங்கள் பங்குக் கோவில் கால்பந்துக் குழுவுக்கு அவர்தான் மேனேஜர். உள்ளூரில் புலிப்பாய்ச்சல் பாயச் சொல்வார். பஸ் ஏறிவிட்டால், "கோல் வாங்காதீங்க, டிரா போதும். மிச்சத்தை நம்ம ஊர்ல பாத்துக்கலாம்" என்பார். ஆட்டம் டிரா ஆனால் மறு ஆட்டம் வெளியூரிலிருந்து வந்த குழுவின் ஊரில் என்பது அந்தக் கோப்பையின் வழக்கம். அதை நம்பியே நாலு வருஷம் ஓட்டினார். பின்வரிசையில் நின்ற என் முட்டிதான் தேய்ந்தது.

1957 மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிறு. குமாரபாளையத்தில் இறுதி ஆட்டம். கோயம்புத்தூர் மில் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மில் அணிக்கு ஓர் ஆள் வேண்டும், வேலையும் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் எங்கள் முன்வரிசை தோமினிக். அவனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

முடியப் பத்து நிமிஷம். தோமினிக் பந்தோடு தனியே பாய்ந்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்.

"ஏறாதடா! பின்னால குடு!" என்று மாஸ்டர் கத்தினார்.

அவன் திரும்பி எனக்குத் தட்டிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தைக் காவேரிக்கே உதைத்திருப்பேன்.

ஆட்டம் டிரா. அதிகாரி தோமினிக்கிடம் வந்தார். "நல்லா ஓடறே தம்பி. கோல் போடறதையும் பாக்கோணும். அடுத்த ஞாயித்துக்கிழமை சேலம் வாரேன்." மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தோம்.

புதன்கிழமை காலைப் பூசையில் பங்குச் சாமியார் மாஸ்டரின் நெற்றியில் சாம்பல் பூசினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை எங்கள் பங்கில் பந்தைப் பூட்டி வைத்துவிடுவார்கள். பதினோரு கத்தோலிக்கர்கள் ஆடினோம். ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை. வெட்கக்கேடு.

மாஸ்டர் சாமியார் காலில் விழாத குறை. "ஆண்டவர் பாடுபட்ட காலத்துல பந்தாட்டமா, லாசர்?" என்று அவர் கேட்டதோடு சரி. ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் குமாரபாளையத்தார் ஒப்பவில்லை. நாங்கள் ஆட வராததால் கோப்பை அவர்களுக்கு. மில் வேலையும் அவர்கள் ஆளுக்கே போயிற்று.

ஈஸ்டர் கழிந்து தோமினிக் கோலார் சுரங்கத்துக்குக் கூலியாகக் கிளம்பினான். வழியனுப்ப நானும் மாஸ்டரும் ஜங்ஷனுக்குப் போனோம். ரயில் ஜன்னலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் கேட்டார்.

"அன்னிக்கு கோல்கீப்பர் எங்கடா நின்னான்?"

"வலப்பக்கம் சாஞ்சிருந்தானுங்க மாஸ்டர். இடது மூலை காலி."

"அப்புறம் ஏன்டா அடிக்கல?"

"நீங்க வேண்டாம்னீங்களே."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது. மாஸ்டர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதார்.

அதைப் பார்த்ததும் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. இல்லை, பொய் சொல்கிறேன். கொஞ்சம் இன்னும் இருக்கிறது.