சேற்றில் நடக்கத் தெரியாத நாய்

குட்டியாக இருந்தபோது பாதத்தில் சேறு பட்டாலே தூபு கீச்சுக் கீச்சென்று கத்தும். அதைத் தாங்க முடியாமல் மல்சுன், கடல் வற்றிய சேற்றில் சிப்பி அள்ளச் சறுக்கித் தள்ளிப்போகும் தன் பலகையின் முன்னால் அதை உட்கார வைத்தாள். செய்த தப்பு அதுதான். இப்போது அது ஒரு மூட்டை கனத்துக்கு வளர்ந்த வெள்ளை நாய். ஆனாலும் பலகையில்தான் போகும். மல்சுன் ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து உதைத்துத் தள்ள, அது முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வரும்.

"துரை பல்லக்குல கிளம்பிட்டாருடி!" என்பாள் பக்கத்து வீட்டுக் கப்தொக். "உன் புருஷனக் கூட நீ இப்படித் தாங்கினதில்ல."

"அந்த மனுஷன் வாலாட்டினா அவரையும் தள்ளுவேன்க்கா."

ஒரு நாள் மல்சுனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கனத்தைத் தள்ள முடியாதென்று நாயைக் கொட்டகையில் கட்டிவிட்டுச் சிப்பி அள்ளப் போனாள். குளிர்காலச் சேறு, விரல் மரத்துப்போகும். வலை நிறைந்து, பெண்கள் எல்லாரும் பலகையைக் கரைப்பக்கம் திருப்பிய நேரத்தில்தான் குரைப்புச் சத்தம் கேட்டது. கடித்து அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, தூபு கரையிலிருந்து அவளை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. பாதி வழியில், ஓடைக்கருகே இளகிய சேற்றில் வயிறு வரை புதைந்து நின்றது.

மல்சுன் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தோண்டினாள். தோண்டத் தோண்டச் சேறு மூடியது. கழுத்தைப் பிடித்து இழுத்தாள். வலியில் நாய் அவள் மணிக்கட்டைக் கடித்தது.

"சனியனே, என்னையே கடிக்கிறியா!" என்று ஓர் அறை விட்டாள். விட்ட கையாலேயே தலையைத் தடவினாள்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். கப்தொக் மட்டும் நின்றாள். "அடியே மல்சுன், கடல் ஏறுது. விட்டுட்டு வாடி. நாய் வேற வாங்கிக்கலாம், நீ செத்தா யாரு வருவா?"

மல்சுன் திரும்பிப் பார்த்தாள். ஓடை வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. எத்தனை தடவை தன் காலே மாட்டியிருக்கிறது! தண்ணீர் வடிந்த சேறு பிடியை விடாது, தண்ணீர் புகுந்தால்தான் விடும்.

"தண்ணி வரட்டும்க்கா."

"பைத்தியமாடி உனக்கு?"

"வரட்டும். நீ அது கழுத்துக் கயித்தப் பிடிச்சுக்கோ."

சிப்பி வலையைச் சேற்றில் நட்டிருந்த மூங்கில் கழியில் கட்டினாள். சிப்பி கடலில் கிடந்தால் சாகாது. கப்தொக் திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்தாள். தண்ணீர் நாயின் வயிற்றை நனைத்தது, மார்பைத் தொட்டது. மல்சுன் கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு காலைச் சுற்றியும் தண்ணீரைக் குடைந்து புகுத்தினாள். தாடை வரை ஏறியதும் தூபு கத்துவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தது. 

"இழு, அக்கா!"

நாலு காலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. நாய் நேராகப் பலகையில் ஏறியது. முன்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பாருடி திமிர!" என்று கப்தொக் சிரித்தாள். அவள் கன்னத்தில் சேறும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் பலகையைத் தள்ளிக் கரை சேர்ந்தார்கள்.

மறுநாள் கடல் வற்றியதும், மணிக்கட்டில் துணி சுற்றிய மல்சுன் வலையை எடுக்கக் கிளம்பினாள். தூபு பலகையில் தாவி ஏறியது. அவள் பிடித்துக் கீழே தள்ளினாள்.

"இறங்கு. நட."

நாய் முனகியது. ஒரு பாதத்தைத் தூக்கிக் காட்டியது. மல்சுன் திரும்பாமல் சேற்றை உதைத்தாள்.

"ஐயோ, பாவம்டி," என்றாள் கப்தொக். "ஏத்திக்கோயேன்."

"வாய மூடுக்கா. நேத்து அழுதது போதும்."

பலகை அழுத்திப் போட்ட தடத்தில், ஒவ்வொரு காலையும் உதறி உதறி வைத்துக்கொண்டு, பின்னாலேயே நாய் வந்தது. ஓடைக்கருகே வந்ததும் நின்று மோப்பம் பிடித்தது. பிறகு விலகிச் சுற்றிக்கொண்டு போனது.