வாகனத் தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள கடை

2004ஆம் ஆண்டில் அரசாங்கப் பணத்தில் பெல்மதுளைக் கடைவீதியைத் திருத்தினார்கள். நடைபாதைக்குக் கல் பதித்தார்கள். வெளியூர் வாகனங்களை இலவசமாக நிறுத்த இடமும் ஒதுக்கினார்கள். வியாபாரம் பெருகும் என்று நம்பி, அந்த இடத்தைத் தன் கடைக்கு முன்னால் கேட்டு வாங்கியவர் மணிக்கூடு திருத்தும் கவுஸ் நானா.

அதுவரை தேயிலைத் தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் லொறி அங்கேதான் நின்றது. சம்பளச் சனிக்கிழமைகளில் பெண்கள் சாமான் பைகளை அவருடைய வாசற்படியில் வைத்துவிட்டுக் கடைகளுக்குப் போவார்கள். பைகளுக்குக் காவல் இருந்தபடி அவர்களுடைய கேலிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது லொறி பாலத்துக்கு அப்பால் நிற்கிறது. வான்களில் வருகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டு மாணிக்கக் கடைகளுக்குப் போகிறார்கள். மனைவி மௌத்தான பிறகு வீட்டிலும் அவருக்குப் பேச ஆளில்லை.

ஒரு சனிக்கிழமை, தோட்டத்துச் செவனம்மா தனியாக வந்தாள்.

"என்னா நானா, வான்காரங்க வந்ததும் எங்கள மறந்துட்டீங்களா? அன்னைக்கு விட்டுட்டுப் போன என் குடை இருக்கா?"

குடையைக் கொடுத்துவிட்டால் அவள் மறுபடி வரக் காரணம் இருக்காது.

"எங்கயோ வெச்சன். தேடி வெக்கிறன், அடுத்த சம்பளத்துக்கு வாங்களேன்."

குடை அவருடைய முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. செவனம்மா அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"சரிங்க நானா. அவசரப்பட்டுக் கண்டுபுடிச்சிறாதீங்க."

கையிலிருந்த பையைப் படியில் வைத்தாள்.

"இதப் பாத்துக்கங்க, தேங்கா வாங்கிட்டு வாறேன்."

கவுஸ் நானா நாற்காலியைப் பைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.