எந்தக் கால் முன்னால்?

துபாயில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்த வஹீது மச்சானுக்கு நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஆனைமலையில் மாமாவின் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு செம்மண் சரிவு உண்டு. பலகைக்கு அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள் மாட்டி, நின்றபடியே அதில் இறங்குகிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன். பலகையை அறுத்தது, சக்கரம் மாட்டியது, இறங்கியது எல்லாம் என் தங்கை சித்திகா. நான் மேலே நின்று, விழுந்து தொலையாதே என்று கத்தியதோடு சரி.

தொண்ணூற்றொன்பது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மச்சான் கோயம்புத்தூர் உக்கடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தார். துபாய் ஃபோன் என்றால் வீடே சுற்றி நிற்கும்.

"மாப்ளே, மலைச் சரிவுல ஓட்டறதுக்குன்னே இங்க ஒரு போர்டு வந்திருக்குது. காத்தடிச்ச டயரு, காலை மாட்டிக்கப் பட்டை. ஆளைப் பாத்துத்தான் எடுக்கோணும். நீ வளைஞ்சு வளைஞ்சு எறங்குவியா, நேரா எறங்குவியா? எடை எத்தனை? செருப்பு என்ன சைஸ்? எந்தக் கால் முன்னால வெப்பே?"

சித்திகா என் தோளை ஒட்டி நின்றாள். அவள் வளைந்து வளைந்து இறங்குவாள். நாற்பத்தைந்து கிலோ. வலது கால் முன்னால். ஃபோனை அவளிடம் நீட்டியிருந்தால் போதும். அத்தா என்னையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராத்தானுங்க மச்சான். எழுவத்தெட்டு கிலோ. ஒம்பதாம் நம்பர். இடது கால்" என்றேன்.

தன் முறை வந்தபோது சித்திகா, "நல்லா இருக்கேனுங்க மச்சான்" என்று மட்டும் சொல்லி ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள்.

பெருநாளன்று மதியம், மாமாவின் தோப்பில் பிரியாணி சாப்பிட்ட கையோடு எல்லோரும் சரிவுக்குப் போனோம். போர்டு நீளமாக, விறைப்பாக இருந்தது. என் பாதத்துக்கு அளவாகப் பட்டைகளை, லீவில் வந்த மச்சானே முடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஏறினேன். பத்தடி போவதற்குள் முகம் மண்ணில் கிடந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. "ஒரு வருசமா ஓட்டறவனுக்கு நிக்கவே தெரியலையே?"

"அண்ணனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க மச்சான்" என்றாள் சித்திகா.

எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஓட்டறது நானில்லீங்க மச்சான். இவதான்" என்றேன். அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சான் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப நீ ஏறு அம்மணி."

அவள் வலது காலை முன்னால் வைத்தாள். பட்டையைக் கடைசி ஓட்டைவரை இழுத்தும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. போர்டு நகர்ந்தது. வளைக்க உடம்பைச் சாய்த்தாள். அவள் எடைக்கு அது வளையவே இல்லை. நேராகத் தென்னையை நோக்கிப் போனதும் குதித்துவிட்டாள்.

"இவளுக்குச் சேர்ற சின்ன போர்டு அதுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு மாப்ளே" என்றார் மச்சான். "ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

சித்திகா போர்டைத் தூக்கிவந்து, துப்பட்டாவால் மண்ணைத் துடைத்து என் காலடியில் வைத்தாள். "உங்க அளவுக்கு எடுத்ததுங்கண்ணா. நீங்களே பழகுங்க. மச்சான், இருங்க, என்ர பலகைய எடுத்தாந்து ஓட்டிக் காட்டறேன்."

அவள் மோட்டார் ரூமை நோக்கி ஓடினாள். அந்தப் பலகையில் அவள் பாதத்துக்கு அளவாகக் கட்டிய கயிறுகள் இருந்தன. மச்சான் கண்ணில் பட்டால் என் குட்டு உடைந்துவிடும். அதனால் அன்று காலையில்தான் அதைப் பிளந்து பிரியாணி அடுப்பில் விறகாக வைத்திருந்தேன்.

"அண்ணா, என்ர பலகை எங்கீங்க?" என்று அங்கிருந்து கேட்டாள்.