எனக்குப் பேசுவார்

தமிழில் தனக்கு யாரும் திருத்தம் சொல்லிவிட முடியாது என்பது சத்தியபாமாவின் எண்ணம். குடியேறிய நாட்டில், மெரிலேண்ட்ஸ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பதினோரு வருடமாகச் சிவப்பு மை தீர்த்தவள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கட்டுரையில் ‘கதைத்தான்’ என்று எழுதினால் அதை அடித்துவிட்டு மேலே ‘பேசினான்’ என்று எழுதுவாள். திருச்சிக்காரி, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த தமிழ். கேட்கவா வேண்டும்!

அந்தப் பெருமையோடுதான் 2012இல் சிறுவர் நீதிமன்றத் தொண்டராகச் சேர்ந்தாள். வீட்டில் அடிபட்ட, கவனிப்பாரற்ற பிள்ளைகளின் வழக்கு நடக்கும்போது, பிள்ளையை நேரில் பார்த்து, அதன் மனதில் உள்ளதைக் கேட்டு, நீதிபதிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. “சட்டம் படிக்காமலே கோர்ட்டுக்குப் போறா பாரு,” என்று கணவர் பார்த்தசாரதி கேலி செய்தார்.

முதலில் கிடைத்த பிள்ளை கௌசிகா. எட்டு வயது. தாய் தகப்பன் இல்லை. பெரியப்பா சிவசோதியோடு படகில் வந்தவள். மத்தியானச் சாப்பாடு இல்லாமல் வருகிறாள், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை புகார் எழுத, அவளைத் தற்காலிகமாக ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டிருந்தார்கள். பெரியப்பாவிடம் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் வழக்கு.

“இலங்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யட்டுமா?” என்று தொண்டர்களைக் கவனிக்கும் ஹெலன் கேட்டாள்.

சத்தியபாமாவுக்குச் சுருக்கென்றது. தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பா? தேவையே இல்லை என்றுவிட்டாள்.

வளர்ப்புத் தாயின் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் கௌசிகா உட்கார்ந்திருந்தாள்.

“நான் உன்கிட்டப் பேசத்தான் வந்திருக்கேன், கண்ணு.”

குழந்தை நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூச்சம் என்று சத்தியபாமா நினைத்தாள்.

“பெரியப்பா எப்படிம்மா? அடிப்பாரா?”

“இல்லை அன்ரி.”

“பின்னே?”

“எனக்குப் பேசுவார். ஒவ்வொரு நாளும் பேசுவார். பள்ளிக்கூடத்தாலை வந்தவுடனை பேசுவார், சாப்பிடேக்கையும் பேசுவார்.” சட்டைக் கையின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். “பேசிப்போட்டு வெளியிலை விடுவார்.”

சத்தியபாமாவின் வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. அவள் வீட்டில் பார்த்தசாரதி தட்டிலிருந்து தலையை எடுக்கமாட்டார். இங்கே, படகில் வந்த ஒரு மனிதர் தம்பி மகளிடம் சாப்பாட்டு நேரத்திலும் பேசுகிறாராம், பேசிவிட்டு விளையாட அனுப்புகிறாராம்! ‘எனக்கு’ என்பதுதான் கொஞ்சம் இடறியது. ‘என்னோடு’ என்று சொல்லத் தெரியவில்லை குழந்தைக்கு. மனதுக்குள்ளேயே அதைத் திருத்திக்கொண்டாள். பழக்க தோஷம்.

‘பெரியப்பா தினமும் இவளுடன் பேசுகிறார். பள்ளி விட்டு வந்ததும் பேசுகிறார், உணவின்போதும் பேசுகிறார். பின் விளையாட விடுகிறார்’ என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். நீதிபதி அந்த வரிகளை உரக்க வாசித்தார். கௌசிகாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று சத்தியபாமா கையசைத்தாள்.

அந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். பூட்டிய பால்கனியிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்து கௌசிகாவின் கை முறிந்தது. சத்தியபாமா ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, ஹெலன் இந்த முறை யாரையும் கேட்காமல் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்திருந்தாள். சிறி என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். மாவுக்கட்டோடு படுத்திருந்த பிள்ளை அதே பழைய வார்த்தைகளைத்தான் சொன்னாள். எனக்குப் பேசுவார். பேசிப்போட்டு வெளியிலை விடுவார். பெரியப்பா அவளைத் திட்டுவார், திட்டிவிட்டு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுவார் என்று சிறி ஆங்கிலத்தில் சொன்னார்.

“தப்பா சொல்றீங்க,” என்றாள் சத்தியபாமா. “திட்டுவார்னு அவ சொல்லவே இல்லையே. பேசுவார்னுதானே சொன்னா?”

சிறி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “எங்கட ஆக்களுக்குப் பேசுறதெண்டால் ஏசுறது, அக்கா. மற்றது கதைக்கிறது.”

கதைக்கிறது. பதினோரு வருடம் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய சொல். பிள்ளைகள் கதைத்தான், கதைத்தாள் என்று மாறாமல் எழுதினார்களே, அப்படியானால் பேசினான் என்பதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாளா? ஆண்டவனே, வாய்விட்டுச் சொன்ன பிள்ளையை அல்லவா திருப்பி அனுப்பினேன் என்று அங்கேயே சுவரோடு சாய்ந்து அழுதாள்.

தன் தவறை அப்படியே எழுதி நீதிமன்றத்துக்குக் கொடுத்தாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இருந்தாலும் கொடுத்தாள். செப்டம்பரில் வழக்கு மறுபடி வந்தபோது, பெரியப்பாவிடம் போகவேண்டியதில்லை என்று தீர்ப்பானது.

வெளியே நீளப் பெஞ்சில் வளர்ப்புத் தாயின் பக்கத்தில் கௌசிகா இருந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் மெலிந்தே இருந்தது. என்ன சொல்வதென்று இரவெல்லாம் யோசித்து வைத்த சத்தியபாமா, அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

“கௌசிகா, நான் உன்கிட்ட ஒண்ணு பேசணும்...” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்லம்மா, கதைக்கணும்.”

 பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள்.

“இன் இங்கிலிஷ், ப்ளீஸ், அன்ரி.”

யோசித்து வைத்திருந்ததெல்லாம் தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது, ரயிலில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்கிற வார்த்தை.

“சாரி,” என்றாள் சத்தியபாமா.

“இட்ஸ் ஓகே,” என்றாள் கௌசிகா, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே.