இடது பக்கத்து வைப்பர்

என் வீட்டுக்காரர் தனக்கோடி திருப்போரூரில் கார் வைப்பர் விற்கிறார். ஹார்ன், சீட் கவர், தலையாட்டும் பொம்மை எல்லாம் கடையில் உண்டு. ஆனாலும் அவர் உயிர் வைப்பரில்தான். தெருவில் ஒரு கார் போனால் மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். இவர் "வலது இருபத்து நாலு இஞ்சு, இடது பதினாறு" என்று முணுமுணுப்பார். எங்கள் கல்யாண நாள் எது என்று கேட்டுப் பாருங்கள், மேலே பார்த்து யோசிப்பார்.

கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகள்தான் எங்களுக்குப் படியளக்கின்றன. உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து ஒரே வருஷத்தில் வைப்பர் ரப்பரை விறைக்க வைத்துவிடும். அப்புறம் அது கண்ணாடியைத் துடைக்காது, தண்ணீரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பூசிவிடும். அதனால் ஐப்பசி பிறந்தால் கடையில் கூட்டம்தான். ஆனால் நாவலூர் ஆபீஸ் பிள்ளைகள் செல்போனிலேயே ஜோடி ஜோடியாக வரவழைத்துக்கொள்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இவர் வாடகைக் கார்க்காரர்களைப் பிடித்தார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஜோடியைப் பிரித்து, டிரைவர் பக்கத்து பிளேடை மட்டும் தனியாக விற்பது.

"டிரைவர் பக்கம் பளிச்சுனு இருந்தா போதும் அண்ணாத்த. இடது பக்கம் இன்னாத்துக்கு? அங்க வூட்டம்மாதான உக்காரும்" என்பார். நம்பாதவர்களை வெளியே கூட்டிப்போய் எங்கள் காரைக் காட்டுவார். "இடது பக்கம் மாத்தி ஆறு வருஷம் ஆவுது. எனக்கு இன்னா ஆயிப்போச்சி?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடது பக்கத்தில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் நான்.

மழை பிடித்தால் என் எதிரே இருக்கும் கண்ணாடி கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். எது லாரி, எது புளியமரம் என்று தெரியாது. "பாத்துங்க, லாரி" என்று கத்துவேன். காலால் தரையை மிதிப்பேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால், "நீ எதுக்கு பாக்கணும்? அதான் நான் பாக்குறேன்ல" என்பார். அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. காதுகுத்து, கல்யாணம் எங்கே போனாலும் நான் கத்துவதை நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைப்பார். பயந்தாங்கொள்ளி என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். என் அண்ணன் சிங்காரம் அந்த நடிப்புக்கு முதல் ரசிகன்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெயரால் என் பிழைப்பு ஒன்று நின்றுபோனதுதான் எனக்கு ஆத்திரம். விற்காத இடது பிளேடுகள் எண்பத்து மூன்று பரணில் கிடந்தன. மாமல்லபுரத்து ஓட்டல் கார்களுக்கு அவற்றை நேரே கொண்டுபோய் மாட்டித் தரலாம் என்று எனக்கு ஒரு யோசனை. விருந்தாளி இடது பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டாமா? ஓட்டலில் பேசி முடித்தாயிற்று. சரோஜா அக்காவின் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டப் படித்து, செங்கல்பட்டில் லைசென்சும் வாங்கி மூன்று வருஷம். இவரிடம் நான் கேட்டது கார் சாவி ஒன்றுதான்.

"பக்கத்துல உக்காந்தே இந்தக் கத்து கத்துற. நீ ஸ்டீரிங் புடிச்சா ரோட்டுல போறவன் இன்னா ஆவுறது?" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கடைசியில், கார்த்திகை முடிவதற்குள் யாராவது வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டலிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் இவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். பழைய பிளேடிலிருந்து ரப்பரை உருவும்போது உள்ளே இருந்த மெல்லிய தகடு தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. செங்கல்பட்டு டாக்டர் கண்ணைக் கட்டி, ஒரு வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்று அனுப்பினார்.

மூன்றாம் நாள் புதுப்பட்டினத்தில் அண்ணன் மகள் திவ்யாவுக்கு வளைகாப்பு. நான் அத்தை. வளையலும் புடவையும் என்னிடம் இருக்கின்றன. விடிந்ததிலிருந்து மழை. சொல்லி வைத்த டிரைவர் முத்துசாமி, தன் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று வராமல் இருந்துவிட்டார். பத்தரைக்குள் போயாக வேண்டும்.

நான் கையை நீட்டினேன். இவர் வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வேறு வழி இல்லாமல் சாவியைக் கொடுத்தார். பிறகு வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் காரின் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

என் பக்கத்தில் புது பிளேடு. ஒரு வழி வழித்தால் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ரோட்டில் ஊரும் நத்தை வரைக்கும் தெரிகிறது. இத்தனை சுகத்தை வைத்துக்கொண்டா இந்த மனிதர் என்னைக் கிண்டல் செய்தார் என்று எரிச்சலாக வந்தது. நாற்பதில் நிதானமாகப் போனேன்.

ஆலத்தூர் தாண்டவில்லை. "ரஞ்சி, பஸ்ஸு, பஸ்ஸு" என்று அலறினார்.

"அது பஸ் ஸ்டாப்புங்க."

"எதுர்ல இன்னாவோ வருது பாரு."

"பேனர். நிச்சயதார்த்தம். பொண்ணு நல்லாத்தான் கீது."

பூஞ்சேரியில் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும் காற்று இன்னும் பலமாக அடித்தது. இவர் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. காலால் தரையை ஓங்கி மிதித்தார். அங்கே பிரேக் இல்லை என்று நான் சொல்லவில்லை, போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். நிறுத்து என்றார், நிறுத்தினேன். இறங்கி, வேட்டி நுனியால் தன் பக்கத்துக் கண்ணாடியை அழுந்தத் துடைத்துவிட்டு நனைந்துபோய் ஏறினார். அரை நிமிஷம் தெரிந்திருக்கும். அந்தப் பிளேடு இரண்டு தரம் போய் வந்ததும் பழையபடி கஞ்சி.

"இதுல ஒண்ணுமே தெரியலியே" என்றார் மெதுவாக.

எனக்குச் சொல்ல ஆறு வருஷத்துப் பேச்சு இருந்தது. ஆனால் எதிரே நிஜமாகவே லாரி வந்துகொண்டிருந்தது, ஒதுங்கி வழி விட்டேன். அதற்குப் பிறகு புதுப்பட்டினம் வரைக்கும் நடுநடுவே என் முகத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து இருபதுக்கு அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பந்தலுக்குள் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். சிங்காரம் அண்ணன் குடையோடு ஓடிவந்து, நான் வலது பக்கத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு நின்றார். அப்புறம் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இன்னா மச்சான், உசுரோட வந்துட்டியா? என் தங்கச்சி எத்தினி தபா கத்துச்சி? எங்க, செஞ்சி காட்டு."

பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். நான் வளையல் தட்டை எடுக்கக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் நடிக்கப் போகிறார், நடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

"அது கத்தல மச்சான். கத்துனது நானு" என்றார் இவர்.

பந்தலில் சிரிப்பு எழுந்தது. இவர் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷமா ஒண்ணுமே தெரியாத கண்ணாடிக்கு முன்னாடி ரஞ்சிய உக்கார வெச்சிகினு, பயப்படுதுன்னு உங்ககிட்டல்லாம் செஞ்சி காட்டிக்கினு இருந்திருக்கேன். எனக்கு ஒரு மணி நேரமே தாங்கல. தொடைக்கப் போயி வேட்டி நனஞ்சதுதான் மிச்சம்."

நனைந்த வேட்டி நுனியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அத்தை அழக்கூடாது என்று யாரோ என்னை அதட்டினார்கள்.

"நாளையிலருந்து ரஞ்சிதா வண்டி எடுத்துக்கினு மாமல்லபுரம் போவும். ஓட்டலுக்கு வைப்பர் மாட்டற வேல" என்றார் இவர்.

அண்ணன் வானத்தைப் பார்த்தார். "இந்த மழையிலயா?"

"மழை பேஞ்சாதான மச்சான் வைப்பர் விக்கும்."