திமில் தேய்ந்த காட்டெருமை

பழைய மெடல் வியாபாரி டுவேன் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு ஹலினாவை முறைத்தார். "என்னம்மா, பாலிஷ் போட்டுத் தேய்ச்சுட்டீங்களா?"

கணவர் இறந்துபோன வீட்டில் மெடல் வாங்கப் போனால் இந்தக் கூத்து அவருக்குப் பழக்கம்தான். விற்கும்முன் பளபளவென்று இருக்கட்டுமே என்று, நூறு வருஷத்துக் கறுப்பை ஒரே மதியத்தில் துடைத்துவிடுவார்கள். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே.

"நான் எங்க தொட்டேன்? நாப்பது வருஷமா என்னைத் தொட விட்டாரா அவரு?"

1901-இல் இதே பஃபலோ நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் பரிசாகக் கொடுத்த வெள்ளி மெடல் அது. காட்டெருமை பொறித்தது. அவள் கணவர் கசிமிர் கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்துத்தான் அதை எடுப்பார். ஒரு தடவை ஹலினா ஆசையாக விரல் நீட்டியபோது வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டார். மனைவியையாவது ஆசையாகத் தொட்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வியாழக்கிழமை இந்த வீட்டை விட்டு மகளோடு இருக்கப் போய்விடப் போகிறாள். மெடல்களை டுவேனிடம் தள்ளிவிட்டு, கசிமிரையும் மனசிலிருந்து இறக்கி வைத்துவிட நினைத்தாள்.

டுவேன் மறுபடி குனிந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இது பாலிஷ் இல்லம்மா. விரல். யாரோ வருஷக்கணக்கா கட்டைவிரலால வருடின மாதிரி இருக்கு. மார்ச்சுல மெடல் கிளப்புல நானே பாத்தேன், திமில்ல ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். இப்ப ஒண்ணுகூட இல்ல."

கிளப்பிலிருந்து வந்த அன்றே கசிமிர் அதை உறையில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்த அந்த உறையைச் சற்றுமுன் கிழித்தது டுவேன்தான்.

"இது மட்டும் எனக்கு வேணாம்மா." மற்றவற்றை அவசரமாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஹலினா மேசைமுன் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"உசுரோட இருந்தப்ப முடியலையாக்கும்?" என்றாள்.

பிறகு கட்டைவிரலைத் திமிலின் மேல் வைத்தாள். வெள்ளி வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே ஏற்கனவே இருந்த ஏதோ ஒன்று ஒதுங்கி அவளுக்கு இடம்விட்டது. சற்று நேரம் தயங்கியது. அப்புறம் அவள் நகத்தின் மேல் ஏறி, மெதுவாக வருடத் தொடங்கியது.